மேசைமேல் மாத்திரை எப்படி வந்தது?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நேர்ந்த ஓர் அவமானத்தில் பிறந்தது.

என் நாத்தனார் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சாப்பாட்டு மேசைதான். அதில் பாதி அவளுடைய ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களுக்கு, மீதிப் பாதி நான் எழுதுவதற்கு என்று ஓர் ஒப்பந்தம். அவள் பாதி நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வருகிறது. நான் இப்போது மேசையின் ஒரு மூலையில், மடித்த துணிகளுக்கும் மிக்சிக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒருநாள் அவள் ஒரு கேள்வியை என் பக்கம் தள்ளினாள். ஆறு வாக்கியங்கள். முதலும் கடைசியும் அதனதன் இடத்தில் இருக்கும். நடுவில் உள்ள நான்கையும் கலைத்துப் போட்டு பி, க்யூ, ஆர், எஸ் என்று பெயர் வைத்திருப்பார்கள். சரியான வரிசையில் அடுக்க வேண்டும்.

"அண்ணி, இதைப் போடுங்க பார்ப்போம்."

நான் புத்தகம் எழுதியவள். அலட்சியமாகப் பார்த்தேன். ஒரு கிடங்கு, ஒரு காவலாளி, ஒரு தீ விபத்து. மூச்சு விடுவதற்குள் விடை சொன்னேன். அவள் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பு அண்ணி."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். உங்க வரிசைப்படி முதல்ல காவலாளி தீ தீன்னு கத்துறான், அதுக்கப்புறம்தான் தீப்பிடிக்குது. அப்படின்னா தீ வச்சதே அவன்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பாவமும் அறியாத மனிதனை, இரண்டு வாக்கியத்தை இடம் மாற்றி வைத்ததால், நான் ஜெயிலுக்கு அனுப்பியிருந்தேன். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அவளோ, "நாலு வாக்கியத்தை அடுக்கத் தெரியல, நீங்க எப்படி அண்ணி புத்தகம் எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் அண்ணனை, அதாவது என் கணவரை, கூப்பிட்டு அதை மறுபடியும் சொன்னாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததற்கு என்ன ஆயிற்று என்பது வேறு கதை, அது இங்கே வேண்டாம்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "அவள் வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாள், ஒரு—" ஒரு என்ன? தையல்காரியா, சமையல்காரியா? இரண்டும் பழசு. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "வாழ்க்கையில் எல்லாமே ஒரு வரிசையில்தான்—" இது கதையா, பிரசங்கமா? எழுதிய கையைக் கிள்ளிக்கொண்டேன்.

மூன்றாவது: "கேள்விக்காரி போட்ட கேள்வி எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை தோற்றதில்லை." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே: கேள்விக்காரி போட்ட கேள்வி எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை தோற்றதில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் அவள் ஆங்கிலம் எடுத்தாள். எடுத்தாள் என்பதைவிடக் கேள்வி தயாரித்தாள் என்பதுதான் சரி. பிழை கண்டுபிடி, கோடிட்ட இடத்தை நிரப்பு, வாக்கியங்களை வரிசைப்படுத்து. வாராவாரம் புதுசு புதுசாக வேண்டும். அங்கே கணக்கு எடுப்பவர் கணக்கு சார், பொது அறிவு எடுப்பவர் பொது அறிவு சார். இவளை மட்டும் ஆங்கில மேடம் என்று யாரும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கேள்விக்காரி. அவளுக்கும் அது தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மையத்தில் ஒரு வழக்கம். ஞாயிறு மாதிரித் தேர்வு முடிந்ததும் விடைகளைப் பலகையில் எழுதுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். கேள்வி போட்டவர் நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் விடையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கேள்வி ரத்து. இந்தச் சடங்கில் கணக்கு சார் வாரம் ஒருமுறையாவது மண்ணைக் கவ்வுவார். கேள்விக்காரி கவ்வியதே இல்லை.

(இவளுக்கு ஒரு பெயர் வைக்கலாமே என்று நாத்தனார் கேட்டாள். வைத்துப் பார்த்தேன். பெயர் வைத்ததும் தலையை ஆட்டிக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்படிப்பட்ட ஆள் வேண்டாம்.)

3

மையத்தை நடத்தும் சார் ஒரு புகாரோடு வந்தார். கேள்விக்குரிய பத்திகளை அவள் பழைய இதழ்களிலிருந்து எடுப்பது வழக்கம். மாணவர்கள் போனில் ஒரு வரியைத் தட்டினால் மூலப் பத்தி முழுசாக வந்து நிற்கிறதாம்.

"இனிமே நீங்களே சொந்தமா எழுதிடுங்க மேடம். எங்கேயும் இல்லாததா இருக்கணும்."

எங்கேயும் இல்லாதது என்றால் வீட்டில்தான் இருக்கும். சனிக்கிழமை மாலை அவள் சமையலறை மேடையில் கணினியை வைத்துக்கொண்டு நின்றபடியே தட்டினாள். பாலை அடுப்பில் ஏற்ற மறந்தவனைப் பற்றி ஒன்று. பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்தவளைப் பற்றி ஒன்று. இன்னும் ஒன்று குறைந்தது. அப்பா இறந்துபோன நாளை எழுதினாள்.

இங்கே நாத்தனார் என் கையைப் பிடித்துவிட்டாள். "அண்ணி, சும்மா எழுதாதீங்க. எந்தப் பொண்ணும் பெத்த அப்பா செத்ததை வச்சு கேள்வி போட மாட்டா."

போடுவாள். நான் சொல்கிறேன். எந்தத் தொழிலும் ஆளை அப்படித்தான் ஆக்கிவிடும். என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த அறையின் வாசனையை எந்தச் சொல்லால் எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை நாத்தனாரிடம் சொல்லவில்லை, அவளுக்கு அவர் அம்மா. கேள்விக்காரிக்கும் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் ஆறு வாக்கியமாகத்தான் தெரியும். அப்பா என்பதை "ஒரு முதியவர்" என்றும், அண்ணன் என்பதை "மகன்" என்றும் மாற்றினாள். தன்னை எடுத்தே விட்டாள், ஏனென்றால் அன்று அவள் அங்கே இல்லை.

அன்று அவள் வேறு ஊரில் ஒரு தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் பயிற்சி கொடுக்கும் அதே போட்டித் தேர்வுதான். ஆங்கிலப் பகுதியை முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். வெளியே வந்து போனை உயிர்ப்பித்தபோது அண்ணனின் அழைப்புகள் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகு அவள் எந்தத் தேர்வும் எழுதவில்லை. மற்றவர்களை எழுத வைத்தாள்.

அந்த மதியம் வீட்டில் நடந்ததெல்லாம் அவள் காதால் கேட்டதுதான். ஒன்றை அண்ணன் சொன்னான். ஒன்றை எதிர்வீட்டு அக்கா சொன்னாள். ஒன்றை மருத்துவ வண்டி ஓட்டுநர் யாரிடமோ போனில் சொல்லும்போது கேட்டாள். அழுகைச் சத்தத்துக்கு நடுவே ஆளுக்கு ஒன்றாகச் சொன்னதை, அண்ணன் பிறகு நிதானமாகக் கோர்த்துக் கொடுத்தான். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். நம் வீடுகளிலும் சாவுக் கதைகள் அப்படித்தானே இருக்கின்றன. யாராவது விசாரணை வைக்கிறோமா?

கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் தருகிறேன், உங்கள் ஆங்கிலத்தைச் சோதிக்க எனக்கு எண்ணமில்லை.

முதல் வாக்கியம்: தனியாக வீட்டில் இருந்த முதியவருக்கும் மகனுக்கும் அது வழக்கமான மதியமாகத்தான் இருந்தது, முதியவருக்கு நெஞ்சு வலிக்கும் வரை.

(தனியாக இருந்தவர்கள் இரண்டு பேரா? நாத்தனார் சிரிக்கிறாள். அடித்துவிட்டேன். முதல் வாக்கியம்: மகனோடு வீட்டில் இருந்த முதியவருக்கு மதியம் நெஞ்சு வலித்தது.)

பி: மகன் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனான்.

க்யூ: எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள், பதில் வராததால் தள்ளித் திறந்து உள்ளே போனாள்.

ஆர்: முதியவர் தரையில் கிடந்தார், மேசைமேல் மருந்துக் கடை உறை, பில் குத்தியபடி பிரிக்காமல் கிடந்தது.

எஸ்: மகன் கடையிலிருந்து திரும்பி வந்தான்.

கடைசி வாக்கியம்: மருத்துவ வண்டி வந்தபோது உயிர் போயிருந்தது.

அண்ணன் அவளுக்குச் சொன்ன கதையில் எஸ் இன்னும் நீளம். "நான் மாத்திரையோட ஓடி வர்றேன், வாசல்ல கூட்டம் நிக்குது" என்பான். அந்தக் கூட்டத்தைக் கேள்விக்காரி வெட்டிவிட்டாள். வேறு எந்த நோக்கமும் இல்லை. கூட்டம் என்று போட்டால் எஸ் கடைசியில் வரும் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். வரிசையைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை எடுத்துவிடுவதுதான் கேள்வி போடுபவர்களின் முதல் பாடம். எடுத்தாள். பிறகு எழுத்துப் பிழை பார்த்தாள், காலங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாள், இணைப்புச் சொற்களைப் பார்த்தாள். விடை: பி, க்யூ, ஆர், எஸ். நேர் வரிசையே விடையாக இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்று, கலைக்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தாள்.

4

அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். இவனோடு எனக்குப் பெரிய தலைவலி.

முதல் படியில் அவனைச் சிடுசிடுப்பானவனாக எழுதினேன். உடனே வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும். இரண்டாவது படியில் தங்கக் கம்பியாக எழுதினேன். அதற்கும் சந்தேகம் வரும், நீங்கள் எத்தனை கதை படித்தவர்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தளங்களுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். சாப்பிடும்போது வந்தாலும் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவான். கத்துகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, காத்து வரும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பான். தங்கை பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேர்வு முடியும் நேரத்துக்கு வண்டியோடு வந்து மையத்தின் வாசலில் நிற்பான்.

அப்பா போன சில நாட்களுக்குள் அவள் புத்தகங்களைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தபோது அவன் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"நீ பரீட்சைன்னு போயிட்ட. நான் மருந்துக் கடைன்னு போயிட்டேன். அவர் தனியாப் போயிட்டார். யாரை என்ன சொல்றது?"

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் மூச்சு விட்டாள். குற்றம் அவளுடையது மட்டும் இல்லை. பாதியை அவன் தன் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறான். இரண்டு பேருமே அங்கே இல்லை, இரண்டு பேருக்குமே சம பங்கு. அண்ணன் தங்கை உறவு அந்த வீட்டில் அந்தப் பங்கின்மேல்தான் நின்றது.

(இந்தப் பத்தியை எழுதியதும் எனக்கே அவன்மேல் பாசம் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது, இனி நடக்கப்போவது எனக்குத் தெரியும்.)

5

ஞாயிற்றுக்கிழமை. எழுது பலகை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் காற்று வீசும் மின்விசிறி, கீழே கடையில் யாரோ ரிங்டோன் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். கேள்விக்காரி விடைகளைப் பலகையில் எழுதிக்கொண்டு வந்தாள். பால், சரி. குடை, சரி. மூன்றாவதாக பி, க்யூ, ஆர், எஸ் என்று எழுதினாள். வகுப்பில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது.

எழுந்தவள் ஆட்சேபணை அக்கா. எல்லாக் கேள்விக்கும் எழுந்து நிற்பவள் என்பதால் அந்தப் பெயர். கல்யாணமாகிக் குழந்தை பெற்று, வயது வரம்பு முடியப்போகும் பதற்றத்தோடு படிக்கிறவள். ஒரு மதிப்பெண்ணைக்கூடச் சும்மா விடமாட்டாள்.

"மேடம், இது தப்பு. பி, எஸ், க்யூ, ஆர்தான் வரும்."

"எப்படி?"

"மாத்திரை மேசை மேல எப்படி வந்துச்சு மேடம்?"

கேள்விக்காரி கேள்வித்தாளை எடுத்து ஆர் வாக்கியத்தை மறுபடி படித்தாள்.  

"மகன்தான் வாங்கப் போனான்," என்று ஆட்சேபணை அக்கா தொடர்ந்தாள். "எதிர்வீட்டுப் பொண்ணு உள்ள போறப்பவே உறை மேசைல இருக்கு. அப்ப மகன் அதுக்கு முன்னாடியே வந்து வச்சிருக்கணும். எஸ் வந்த பிறகுதான் க்யூ."

"அது வீட்டுல இருந்த பழைய மாத்திரையா இருக்கலாம்" என்று கேள்விக்காரியின் குரல் சொன்னது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"பழசு இருந்தா எதுக்குக் கடைக்குப் போறான்? அதுவும் நீங்களே எழுதியிருக்கீங்க, பில் குத்தியிருக்கு, பிரிக்கவே இல்லைன்னு."

பில் குத்தியிருந்தது என்று சொன்னது எதிர்வீட்டு அக்கா. சாவு வீட்டில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம்டி, வாங்கின மாத்திரை பிரிக்காமகூட அப்படியே மேசைல கிடந்துச்சு" என்று சொன்னாள். கேள்விக்காரி அப்போது அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள். ஒரு மாத்திரைகூட உள்ளே போகாமல் போய்விட்டாரே என்று அழுதாள். அந்த உறையை யார், எப்போது அங்கே வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 

பின் வரிசையில் ஒருவன் கை தூக்காமலேயே பேசினான். "அப்ப மகன் எங்க மேடம் போனான்? மாத்திரையை வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டானா?"

வகுப்பு சிரித்தது. நல்ல பிள்ளைகள்தான், நகைச்சுவையாகத்தான் சொன்னான். ஆட்சேபணை அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண் வேண்டும்.

"போயிட்டான், அவ்வளவுதான்," என்றாள் பின்னால் திரும்பி. "அவர் கீழ கிடக்குறார், இவன் பார்க்கிறான், வச்சுட்டுப் போயிடுறான். அதான் கதவைத் தட்டினப்ப உள்ள யாருமே இல்லை. இது அந்த மாதிரிக் கதை. இல்லையா மேடம்?"

கேள்விக்காரி பலகைப் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பக்கம் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை.  கேள்வியை ரத்து செய்துவிடலாம், எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இது வெறும் கற்பனை என்று சொல்லலாம். வாய் வரவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, அந்தப் பெண் சொன்னது சரி. தொழிலில் அவள் சரியானதைத் தப்பு என்று சொன்னதே கிடையாது.

தன் கையாலேயே அழித்தாள். தன் கையாலேயே எழுதினாள். பி, எஸ், க்யூ, ஆர்.

"ஆட்சேபணை ஏத்துக்கறேன்," என்றாள். "இதுதான் சரி."

கை தட்டினார்கள். கேள்விக்காரி முதன்முறையாகத் தோற்றிருக்கிறாள் அல்லவா, எழுது பலகையைத் தட்டி விசிலும் அடித்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா விழுந்து கிடந்த இடத்தை அவள் ஆயிரம் முறை மனத்தில் பார்த்திருக்கிறாள். அந்த அறையில் எப்போதும் யாரும் இருந்ததில்லை. இப்போது முதல்தடவையாக வாசற்படியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், கையில் மாத்திரையோடு.

6

இங்கே நான் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டேன். பொய் சொல்லவில்லை.  அண்ணன் பொய் சொன்னான் என்பது எழுதத் தொடங்கியபோது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பறையே கை தட்டும் என்று தெரியாது. அதை அந்தப் பிள்ளைகள் அவர்களாகச் செய்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, அண்ணனுக்கு வழி தேடினேன்.

வழி ஒன்று. அவன் மாத்திரையோடு வந்தபோது அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வலி குறைந்துவிட்டது என்று நினைத்தான். அந்த நேரம் பார்த்து போன் வந்தது, எங்கோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். உறையை மேசையில் வைத்துவிட்டு ஓடினான். யாரோ நான்கு பேரைக் காப்பாற்றிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் கூட்டம். இதை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் உறுத்தியது. அப்படியென்றால் தங்கையிடம் அதையே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியதாகச் சொன்னான்?

வழி இரண்டு. வந்தபோதே அப்பா போய்விட்டார். பிணத்தைப் பார்த்ததும் பயந்து, தெருமுனை வரை ஓடி, அங்கே நின்று நடுங்கி, கூட்டம் சேர்ந்த பிறகு திரும்பி வந்தான். பாவம், சின்ன வயசு. இது எனக்குப் பிடித்திருந்தது. பயந்தவனை மன்னித்துவிடலாம்.

வழி மூன்று. அப்பாவுக்கும் அவனுக்கும்—

இல்லை. இதை எழுதமாட்டேன்.

நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நின்று இவ்வளவையும் படித்துவிட்டாள். மிக்சிப் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணி, நீங்க அவனைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க."

"எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு."

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா? அவளுக்குத் தெரிய வேண்டாமா? பரீட்சைக்குப் போனதாலதான் அப்பா செத்தார்னு நினைச்சு அவ அதுக்கப்புறம் பரீட்சையே எழுதாம விட்டுட்டா. நான் இங்க உக்கார்ந்து அதே பரீட்சைக்குத் தினமும் படிக்கிறேன், எனக்கு எப்படி இருக்கும்? அவளைக் கேக்க விடுங்க."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு வரும் மாதம் தேர்வு, வேறு ஊரில். அம்மாவுக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை. நான் அதை யோசிக்காமல் இந்தக் கதையை அவள் கண்முன்னால் எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி. கேட்க விடுகிறேன்.

7

படிகளில் இறங்கும்போது கேள்விக்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மாணவர்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு ஓடினார்கள். "சூப்பர் மேடம்" என்று யாரோ சொன்னார்கள். ஆட்சேபணை அக்கா நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஒரு மார்க்குக்காகத்தான்" என்றாள். "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றாள் கேள்விக்காரி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்க நினைத்தாள், நேரமாகிவிட்டதால் போய்விட்டாள்.

என்ன கேட்பது? சுற்றி வளைத்து ஆரம்பிக்கலாம். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மறுபடி சொல்லு அண்ணா என்று கேட்டால், பழைய கதையைப் பழைய வரிசையில் சொல்லிவிடுவான். அதை இன்னொருமுறை கேட்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் என்று தெரிந்தும் தலையாட்டிக் கேட்டுவிட்டால், பிறகு அந்தப் பொய்யில் அவளும் கூட்டு.

அண்ணன் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு நின்றான். கைவிரல்களில் கிரீஸ். அவளைப் பார்த்ததும், "என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?" என்றான்.

"அண்ணா."

"சொல்லு."

"மாத்திரை வாங்கிட்டு நீ வீட்டுக்குள்ள வந்தப்ப, அப்பாவுக்கு உசிர் இருந்துச்சா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைத்தெரு, முன்பின் இல்லாமல் வந்து விழுந்த ஒரு கேள்வி. அவன் திகைத்திருக்க வேண்டும். எந்த மாத்திரை என்று கேட்டிருக்க வேண்டும். என்ன உளர்றே, திடீர்னு என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

அவன் எதையும் கேட்கவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருகி வண்டியை அணைத்தான்.

"இருந்துச்சு," என்றான்.

இதை நான் எழுதவில்லை. என் இரண்டாவது வழியைத் தயாராக வைத்திருந்தேன், "இல்லம்மா, நான் வந்தப்பவே போயிட்டார், பயந்துட்டேன்" என்று அவன் அழ வேண்டும், அவள் அவன் தோளைத் தொட வேண்டும், நான் எழுந்துபோய்த் துணி மடிக்க வேண்டும். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பேசினாரா?"

"ம்."

"என்ன பேசினார்?"

அவன் தெருவின் அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதுவரை காத்திருந்தான்.

"உன்னைத்தான் கேட்டார்," என்றான். "போன் போட்டுக் குடுன்னார். நீ பரீட்சைல இருக்கன்னு சொன்னேன். ஏறு, மத்ததை வீட்ல போய்ச் சொல்றேன்."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றது என்ன என்று எனக்குத் தெரியாது. நாத்தனாருக்காக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவன் கதையை நேராக்கிவிடுகிறான், சந்திப்பு சந்திப்பாகத் தாண்டும்போது நடுவில் ஒரு லிஃப்ட் வருகிறது, ஒரு பயம் வருகிறது, வீடு வரும்போது எல்லாம் பொருந்திப்போகிறது. அவன் கெட்டிக்காரன். வீடு போய்ச் சேர அவனுக்கு இருக்கும் நேரம் போதும்.

நாத்தனார், "ஏறக் கூடாது அண்ணி, அங்கேயே நின்னு கேக்கணும்" என்கிறாள். என் கணவர், யாரும் கேட்காமலே, "நடுத்தெருவுல நின்னு கூடப் பிறந்தவனைக் கேக்குற கேள்வியா அது? வீட்டுக்குப் போய்க் கேக்கட்டும்" என்கிறார். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கிறார்கள். அவர்களும் அண்ணன் தங்கைதான், அதனால் அவர்கள் சொல்வதை நான் எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

நீங்கள் வெளி ஆள். நீங்கள் சொல்லுங்கள். அவன் ஹெல்மெட்டை அவளிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறான், அவள் இன்னும் கையை நீட்டவில்லை.